வேரோடு பிடுங்குவது எப்படி?

தோட்டப் பாடசாலை மேடையேறும் சொல்லாராய்ச்சிப் பெருமக்களுக்கான கையேடு

தமிழ் தின விழாவுக்கு உங்களைப் பேச அழைத்திருக்கிறார்கள். இரத்தினபுரியிலோ கேகாலையிலோ, பிரதான வீதியை விட்டு இறங்கி, தார் முடிந்த பிறகும் ஏறிக்கொண்டே போனால் மேட்டில் ஒரு தோட்டப் பாடசாலை இருக்கும். அங்கேதான் விழா. அதிபர் பொன்னாடை வாங்கிவிட்டார். "ஆங்கிலத்தின் தாய் தமிழே" என்று நோட்டீசும் அடித்தாயிற்று. கேட்க வருகிறவர்கள் பாடுபடுகிற சனங்கள் என்பதால், இழுப்பது, தூக்குவது, சுமப்பது பற்றிய ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்வதாக நீங்களே தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. போன கிழமை வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அனுப்பியதை நானும் பார்த்தேன். கை பழகிய வேலைதான். அதைக் குறையில்லாமல் செய்து முடிக்க வேண்டியதுதான் பாக்கி.

1. விழாவை வேலை நாளில் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சரிவராது, கொழும்பில் வேறு கூட்டம் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்று சொல்லுங்கள். பிள்ளையின் நடனத்தைப் பார்க்கத் தாய்மார் மலையை விட்டு வந்துவிடுவார்கள். அன்றைக்குச் செக்ரோலில் அவர்களுக்குப் பேர் விழாது. கவலை வேண்டாம், உங்களுக்கு விழும்.

2. அகராதியைத் திறக்காதீர்கள்.

திறந்தால் ஆராய்ச்சி அங்கேயே செத்துவிடும். ஆங்கிலத்தில் 'புல்' என்றால் இழு. தமிழில் புல் என்றால் புல். புல்லை என்ன செய்கிறோம்? பிடுங்குகிறோம். இழுக்காமல் பிடுங்க முடியுமா? முடியாது. ஆகவே தமிழ். அரை நிமிட வேலை.

அகராதி என்ன சொல்லும் தெரியுமா? பழைய ஆங்கிலத்தில் 'புல்லியன்' என்று ஒரு வினை இருந்தது, ஆட்டின் மயிரையும் கோழியின் இறகையும் பிடுங்குவதற்கு அதைச் சொன்னார்கள், அதற்கு முந்திய கதை தெளிவில்லை என்று சொல்லும். இழுப்பது என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்ததுதானாம். ஆதிப்பொருள் பறிப்பது.

இதை மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள். உங்கள் முன்னால் முதல் நான்கு வரிசையும் கொழுந்து பறிக்கிறவர்கள். கேகாலைப் பக்கமென்றால் பாதிப்பேர் விடியுமுன்னே றப்பர் பால் வெட்டிவிட்டு வந்திருப்பார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் அடியில் கிடப்பது தங்கள் விரல் செய்யும் வேலைதான் என்று அவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும். விளங்குகிற பேச்சுக்கு எவன் பொன்னாடை போர்த்துவான்?

3. காதை மட்டும் நம்புங்கள்.

ஒலி கொஞ்சம் ஒத்துவந்தால் போதும், மீதியை மைக் பார்த்துக்கொள்ளும். தொடங்குவதற்குச் சில உருப்படிகள் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

டிராக்: ஒருவனை எப்படி இழுத்துப் போகிறோம்? தரதரவென்று. தரதர, தர்ரா, டிரா, டிராக்.

ஹோல்: கல்யாணம் நடக்கிற மண்டபம் அல்ல, பாரம் இழுப்பது. பாரம் இழுக்க ஆள் வேண்டும். ஆள், ஹாள், ஹோல். பிரெஞ்சுக் கப்பல்காரர்களின் 'ஹாலே' வழியாக வந்தது, அவர்களுக்கே அது ஜெர்மானிய மொழிகளிலிருந்து கிடைத்தது என்று எவனாவது படித்தவன் முணுமுணுத்தால், அந்த ஜெர்மானியருக்கு யார் கொடுத்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

டக்: தூக்கு. விளக்கம் தேவையில்லை, கையால் தூக்கிக் காட்டினால் போதும்.

லொறி: இதில்தான் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். லொறி எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களுக்கே நிச்சயமில்லை. இழுப்பதைக் குறித்த 'லறி' என்ற பழைய வட்டாரச் சொல்லாக இருக்கலாம் என்று இழுக்கிறார்கள். 'இருக்கலாம்' என்பதெல்லாம் மேடைக்கு ஆகாது. உலோகத்தால் ஓடுவது உலோரி, அது தேய்ந்து லொறி என்று அடித்துச் சொல்லுங்கள்.

நடுவில் ஒரு மெய்யெழுத்து எங்கே போனது என்று கேட்டால் கடல் தாண்டும்போது நனைந்துவிட்டது என்று சொல்லுங்கள். கால்டுவெல் என்றொரு பாதிரியார் 1856இல் தமிழையும் அதன் உறவு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிலக்கணம் எழுதினார். எந்த ஒலி எங்கே எப்படி மாறும் என்று விதி தேடித் தேடியே காலத்தைக் கழித்தார். அவருக்கு இடையன்குடியில் வேறு பொழுதுபோக்கு இல்லை. உங்களுக்குத் தருவது இருபது நிமிடம்.

கை பழகிவிட்டால் அக்கம்பக்கத்தையும் விட்டுவைக்காதீர்கள். இறக்குவானை: வானத்தையே இறக்கிய தமிழன் வாழ்ந்த ஊர். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கல் கிடைக்கும் சரளைப் படையைச் சிங்களத்தில் 'இல்லம' என்பார்கள். இல்லம்! மண்ணுக்கு அடியிலும் தமிழன் வீடு கட்டியிருந்தான். இந்த இடத்தில் கைதட்டுக்காக நிறுத்துங்கள்.

4. லத்தீனைத் தோட்ட எல்லைக்குள் விடாதீர்கள்.

உங்கள் பேச்சுக்கு உண்மையான ஆபத்து அங்கிருந்துதான் வரும். லத்தீனில் 'ட்ராஹெரே' என்றால் இழு. அந்த ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை எண்ணி மாளாது: டிராக்டர், டிரெயின், கான்ட்ராக்ட், எக்ஸ்ட்ராக்ட், சப்ட்ராக்ட், அட்ராக்ட். வாசலில் கட்டிய பதாகையில் சிரிக்கிறதே உங்கள் போர்ட்ரெயிட், அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். இவை ஒவ்வொன்றும் தோட்டத்துக்குள் வந்து குந்தியிருக்கிற சொற்கள் என்பதால் ஒன்றைத் தொட்டால் மற்றது பின்னாலேயே வரும்.

டிரெயினை எடுங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் தண்டவாளத்தில் ஓடவில்லை. சீமாட்டிகளின் அங்கியில் தரையில் இழுபட்டு வரும் தொங்கலுக்குப் பெயராக இருந்தது. பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்டு வருவதெல்லாம் டிரெயின் ஆயிற்று. களனிப் பள்ளத்தாக்கில் தேயிலையும் றப்பரும் ஏற்றத்தானே இரண்டரை அடி அகலத்தில் குறும்பாதை போட்டார்கள்? ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்குப் போனது, இன்னொன்று 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் போனது. எட்டியாந்தோட்டைக் கிளையை 1942இல் மூடினார்கள். இரத்தினபுரிப் பக்கம் 1970களில் நின்றது. இன்றைக்கு ரயில் அவிசாவளையோடு திரும்பிவிடுகிறது. இதையெல்லாம் சொன்னால், சேர், அந்தப் பாதையைத் திரும்பப் போடுவார்களா என்று எவராவது கேட்பார். அப்படியொரு கேள்விக்குப் பதில் சொல்லவா உங்களை அழைத்தார்கள்?

அதைவிட மோசம் கான்ட்ராக்ட். இருவர் ஒரு கயிற்றைச் சேர்த்து இழுப்பது போன்ற பொருள் அதற்கு. யார் யாரைச் சேர்த்து இழுத்தது என்று கேள்வி வந்தால் பழைய குப்பை கிளறப்படும். அக்கரையில் கங்காணி கையில் முற்பணம் திணித்தது, தோணிச் செலவும் அரிசிக் கணக்கும் அதோடு சேர்ந்தது, வேலையை விட்டு ஓடினவனைச் சிறைக்கு அனுப்ப 1865இல் 11ஆம் இலக்கச் சட்டம் போட்டது, எல்லாம் வெளியே வரும். அதற்குப் பின்னால் துண்டு வரும். இத்தனை ரூபாய்க் கடனை அடைத்தால் இந்த ஆளை விட்டுவிடுகிறேன் என்று ஒரு தோட்டத்துத் தொரை எழுதிக் கொடுப்பான். அந்தக் காகிதத்தைப் பெரிய கங்காணி கையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவான். எடுக்கிற தொரை கடனை அடைத்து, மேலும் கொஞ்சம் கொடுப்பான். ஆள் இடம் மாறுவான், கடன் கூடவே வரும், வழியில் கொஞ்சம் கொழுக்கும். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். வெள்ளைக்காரன் இதற்கு வேறு சொல் தேடவில்லை. ஆங்கில அறிக்கைகளிலும் 'துண்டு' என்றே எழுதினான்.

சபையில் துண்டு என்ற சொல் அடிபட்டால் தடுமாறாதீர்கள். தோளில் கிடப்பதைத் தொட்டுக் காட்டி, "இதுவும் தமிழ்!" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

5. மேடையில் இருப்பவர்களின் மனத்தை நோகடிக்காதீர்கள்.

உங்கள் வலப்பக்கம் தோட்ட முகாமையாளர் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு முன்னால் பேசியவர் அவர்தான். "நாம் எல்லோரும் ஒரே டீம்" என்று சொல்லியிருப்பார், சொல்லாமல் இருக்க மாட்டார். டீம் என்பது பழைய ஆங்கிலத்தில் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளுக்கும் பெயர் என்று நீங்கள் எழுந்து சொன்னால் நன்றாகவா இருக்கும்? இழுப்பதற்கான டக், டோ இரண்டும் அதன் கூடப்பிறந்தவை.

அந்தக் குடும்பத்துக்கு லத்தீனில் ஒரு பெரியப்பா வீடு உண்டு. 'டூகெரே' என்றால் இழுத்து நடத்திப் போவது. கண்டக்டர் அந்த வீட்டு வாரிசு. தோட்டத்துக் கண்டக்டர் ஐயா அதனால் பஸ்ஸில் டிக்கட் கிழிப்பவரைவிடச் சொல்லுக்கு நெருக்கமானவர். மலையில் அவர் நடத்திப் போவதும் உண்டு, இழுத்துப் போவதும் உண்டு. அவருக்கு ஒரு தங்கச்சி: டிடக்ட். கீழே இழு, கழி. சம்பளச் சிட்டையில் வலப்பக்கம் நீளமாக இறங்குகிறாளே, அவளேதான். சேமலாப நிதி, சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழிபடுவது தனி. சிட்டையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்திருப்பவர்கள் முன்னால் இந்த உறவுமுறையை விளக்கினால், அவர்கள் அகராதியைப் பாராட்டுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

6. நிஜமாகவே தமிழிலிருந்து போன சொல்லைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இது கடினமான பகுதி. கவனமாகப் படியுங்கள்.

1886இல் யூல் என்பவரும் பர்னெல் என்பவரும் சேர்ந்து 'ஹாப்சன் ஜாப்சன்' என்று ஒரு தடித்த அகராதி போட்டார்கள். இந்த நாடுகளிலிருந்து ஆங்கிலம் பொறுக்கிக்கொண்ட சொற்களின் பட்டியல் அது. பர்னெல் தஞ்சாவூர்ப் பக்கம் நீதிபதியாக இருந்தவர், தமிழ் அறிந்தவர். உங்களுக்கு வேண்டிய ஆதாரமெல்லாம் அதில் இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து.

கட்டுமரத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். அந்தப் பெயரை இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்கு வெள்ளைக்காரன் சூட்டிவிட்டதைப் பற்றிக் கொஞ்சம் கோபப்படலாம், அழகாக இருக்கும். இரத்தினபுரி என்றால் குருந்தக்கல்லைக் கட்டாயம் சொல்லுங்கள். நீலக்கல்லும் மாணிக்கமும் ஒரே தாதுதான், அதற்கு உலகம் முழுவதும் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் தமிழ்க் குருந்தம். சபை நிமிர்ந்து உட்காரும். அந்தக் கல்லைக் குழிக்குள்ளிருந்து கூடை கூடையாக மேலே இழுக்கிறவனுடைய நாட்கூலி பற்றி அகராதியில் ஒன்றும் இல்லை, நிம்மதி.

அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பக்கம் கூடப் புரட்டாதீர்கள். புரட்டினால் 'பேண்டி' வரும். நம் வண்டிதான். தெலுங்கு 'பண்டி'யோடு சேர்ந்து மாட்டுவண்டிக்கு ஆங்கிலச் சொல்லாயிற்று. இழுப்பது, பாரம் ஏற்றுவது என்ற உங்கள் தலைப்புக்கு ஐயமே இல்லாமல் பொருந்துகிற தமிழ்ச் சொல் அது. தரதர, தர்ரா, டிரா என்று நீங்கள் வியர்வை சிந்தியதற்குப் பக்கத்தில் அது சும்மா வந்து நிற்கும், உங்களுக்குத்தான் அவமானம்.

இலங்கை ஆங்கிலத்துக்குள் போனால் கங்காணி வருவார். கண்காணிப்பவர். அவரைச் சொன்னால் அவர் ஆள் தலைக்கு வாங்கிய பென்ஸ் காசையும் சொல்ல வேண்டிவரும்.

அப்புறம் கூலி. கோலி என்ற குஜராத்துச் சாதிப் பெயரா, தமிழ்க் கூலியா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள், இரண்டும் கலந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் தமிழில் அது காசுக்குப் பெயர், செய்த வேலைக்குக் கையில் கொடுப்பது. ஆங்கிலம் அதை எடுத்து ஆளுக்குப் பெயராக்கியது. காசு எங்கோ விழுந்துவிட்டது, சுமக்கிற ஆள் மட்டும் மிஞ்சினான். நேட்டாலுக்கும் மலாயாவுக்கும் அந்தப் பெயர் வசையாகப் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்களில் அதிகம் வேலை வாங்கப்பட்டது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தின் தாய் தமிழே என்ற தலைப்பில் இதை எங்கே வைப்பது? வைக்காதீர்கள்.

7. கேள்வி நேரம்.

வேண்டாம் என்று அதிபரிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பீர்கள். அவர் மறந்துவிடுவார். பத்தாம் ஆண்டுப் பொடியன் ஒருவன் எழுந்து, "சேர், கூலியும் தமிழ்தானே?" என்று கேட்பான்.

சிரியுங்கள். "கெட்டிக்காரத் தம்பி!" என்று சொல்லுங்கள். பெயரைக் கேளுங்கள். அவன் பெயருக்குப் பொருள் சொல்லுங்கள், அது வடமொழியாக இருந்தால் தூய தமிழில் ஒரு பெயர் வைத்துவிடுங்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனை எடுத்துக் கொடுங்கள். படம் எடுக்கட்டும். இதற்குள் கேள்வி ஆறிவிடும். விடாப்பிடியாக நின்றால், "எந்தத் தொழிலும் கேவலமில்லை" என்று சொல்லி மணியைப் பாருங்கள்.

8. சபையிலிருந்து சொல் கற்காதீர்கள்.

பேச்சு முடிந்து தேநீர் குடிக்கையில் வயதான ஆயா ஒருவர் பக்கத்தில் வந்து, நாங்க இழுக்கிறதுக்கு இப்படியெல்லாம் சொல்லுவோம் ஐயா என்று தொடங்குவார். தலையாட்டுங்கள், கேட்காதீர்கள். கேட்டால் வலி வந்துவிடும். துடுப்பு வலிப்பது என்றால் இழுப்பது. கை வலிப்பது என்றால் நோவது. வலியோன் என்றால் பலசாலி. மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு வைத்த மொழி உங்களுடையது. ஆனாலும் ஆங்கிலத்துக்கு ஏற்றுமதியாகாத சொல்லால் நமக்கு என்ன லாபம்?

இழுபறியும் அப்படித்தான். இழு ஒரு பாதி, பறி மறுபாதி. தோட்டச் சம்பளப் பேச்சென்றால் நம் பத்திரிகைகள் கண்ணை மூடிக்கொண்டு போடும் தலைப்பு அது. நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் அந்தத் தலைப்பின் கீழேயே கிடந்து, 2021இல்தான் 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று பிரித்து வர்த்தமானியில் வந்தது. அதற்குள் அரிசி விலை வேறெங்கோ போயிருந்தது. பறிப்பதும் இழுப்பதும் ஒரே வேர் என்று நீங்கள் இரண்டாம் படியில் ஒளித்துவைத்த சங்கதியை, ஆங்கிலம் தெரியாத பத்திரிகைக்காரன் தினமும் தலைப்பாகப் போடுகிறான். அந்தப் பத்திரிகையில் வடை சுற்றித் தருவார்கள். வடையை மட்டும் பாருங்கள்.

9. புறப்படுதல்.

மழை பிடித்திருக்கும். சப்ரகமுவவில் நான்கு மணிக்கு மேல் மழை கேட்டு வருவதில்லை. இரண்டாம் வளைவில் உங்கள் வான் சேற்றில் புதையும். டிராக்டர் பழுது, அல்லது கொழுந்தேற்றிப் போயிருக்கும். லயத்திலிருந்து ஏழெட்டுப் பேர் கயிற்றோடு ஓடி வருவார்கள், காலையில் கைதட்டியவர்களும் அதில் இருப்பார்கள்.

இறங்காதீர்கள். பொன்னாடை நனையும். பாரம் கூடினாலும் பரவாயில்லை, அவர்களுக்குப் பழக்கம். கண்ணாடியைப் பாதி இறக்கி, இப்போது நடக்கிறதே, இதைத்தான் ஆங்கிலத்தில் 'டோ' என்பார்கள், அது நம் தோளிலிருந்து வந்தது, தோள், தோ, டோ என்று விளக்குங்கள். இத்தனை நாளில் உங்களுக்குச் சரியான உதாரணம் கிடைத்திருப்பது இப்போதுதான். "ஏலேலோ" என்று அவர்கள் தொடங்கினால் நீங்களும் உள்ளிருந்தபடியே சேர்ந்து பாடலாம்.

வான் மேட்டுக்கு வந்ததும் சாரதி பர்ஸை எடுக்கப் பார்ப்பார். கையைப் பிடியுங்கள். காசு கொடுத்து அவர்களைக் கொச்சைப்படுத்தக் கூடாது என்று சொல்லுங்கள். அடுத்த கூட்டம் தெரணியகலயில் ஐந்து மணிக்கு, நேரமாகிறது.